நீர்வழி – 11: ஆக்ஸிஜனை எடுத்தது யார்?

விருதுநகர் மாவட்டத்தில் எம். புதுப்பட்டிப் பக்கம் கண்மாயிலோ ஆற்றிலோ மீன் செத்து மிதந்தால், கரையில் கூடும் கூட்டத்தில் முதலில் எழும் பேச்சு "பயராபீஸ் மருந்து கலந்திருச்சு" என்பதுதான். பட்டாசு ஆலையை இங்கே பயராபீஸ் என்பார்கள். பின்னால் வருகிற அதிகாரி, "தண்ணியில ஆக்ஸிஜன் கொறைஞ்சு போச்சு" என்பார். ஊர்க்காரர்கள் கையில் பெரும்பாலும் சான்று இருக்காது. அதிகாரி சொல்வது பல சமயம் உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்த உண்மை பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஒருவர் மூச்சு நின்றதால் இறந்தார் என்று இறப்புச் சான்றிதழ் எழுதுவதைப் போன்றது அது.

பெரியாறு இதற்கு அண்மைச் சாட்சி. சிவகிரி மலையில் பிறந்து மேற்கே போகும் ஆறு அது. அதே மலைத்தொடரின் கிழக்குச் சரிவில் இறங்கும் மழைதான் நம் வைப்பாற்றுக்கு வருகிறது. 2024 மே மாதம் கொச்சியை ஒட்டிய ஏலூர், எடையாறு தொழிற்பேட்டைப் பகுதியில் மழை பெய்ததும், பாதாளம் ரெகுலேட்டரின் ஷட்டர்களைத் திறந்தார்கள். மேலே தேங்கிக் கிடந்த தண்ணீர் கீழே இறங்கியது. மே 20 இரவு தொடங்கி, வராப்புழை வரை மீன்கள் கொத்துக் கொத்தாய்ச் செத்து மிதந்தன. கடன் வாங்கிக் கூண்டில் மீன் வளர்த்தவர்களுக்கு ஒரே இரவில் எல்லாம் போயிற்று. ஆக்ஸிஜன் குறைந்ததே காரணம் என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். கேரள மீன்வளப் பல்கலைக்கழகம் தண்ணீரைச் சோதித்து, அம்மோனியாவும் சல்ஃபைடும் ஆபத்தான அளவில் இருந்ததாகச் சொன்னது. செத்த மீன்களை மக்கள் வாரிய அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அந்தக் கோபம் நியாயமானது.

30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீர் தாங்கும் ஆக்ஸிஜன் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம். ஒரு லிட்டர் காற்றிலோ 270 மில்லிகிராம் இருக்கிறது. தண்ணீரில் உள்ள அந்தச் சொற்பத்தை வைத்துத்தான் மீன் உயிர் வாழ்கிறது. அது லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறைந்தால் கெண்டை வகைகள் சோர்ந்துபோகும். 2-க்குக் கீழே போனால் மேலே வந்து வாயைப் பிளக்கும். சாக்கடை கலந்தால் அதை மட்கவைக்கும் பாக்டீரியாக்கள் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்ளும். பகலில் ஆக்ஸிஜன் தரும் பாசி, இருட்டியதும் தானும் அதை எடுக்கத் தொடங்கும். அதனால் விடியற்காலைதான் கண்டம். கோடை முழுக்கத் தேங்கிய சகதியை முதல் மழை கிளறிவிட்டால் இன்னும் மோசம். அடியில் அடைந்து கிடந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு அழுகிய முட்டை நாற்றத்தோடு மேலே வரும். விருதுநகர்ச் சாக்கடையைச் சுமந்துகொண்டு குல்லூர்சந்தை அணைக்குப் போகும் கௌசிகா நதியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மருந்தா, மூச்சுத்திணறலா என்பதை விரால் ஓரளவு காட்டிக்கொடுக்கும். மேலே வந்து காற்றை விழுங்கி வாழும் மீன் அது. கட்லாவும் ரோகுவும் செத்து, விராலும் தேளியும் தப்பியிருந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்று நினைக்க இடமுண்டு. விரால், தவளை, நத்தை எல்லாம் சேர்ந்து செத்திருந்தால் விஷத்தைத் தேட வேண்டும். செவுளைத் தூக்கிப் பாருங்கள். காபிப் பொடி நிறத்தில் இருந்தால் நைட்ரைட்டின் வேலையாக இருக்கலாம்.

பயராபீஸ்களை நான் இதிலிருந்து விடுவிக்கவில்லை. வெடியுப்பு என்பது பொட்டாசியம் நைட்ரேட்; மழைநீரில் எளிதில் கரையும். நைட்ரேட் பாசிக்கு உரம். அன்றைக்கே மீனைக் கொல்லாதது, மாதக்கணக்கில் பாசியை வளர்த்து, ஒரு புழுக்கமான இரவில் கொன்றுவிடலாம். 2022-இல் போலந்து, ஜெர்மனி எல்லையில் ஓடும் ஓடர் ஆற்றில் ஏறத்தாழ 360 டன் மீன் செத்தபோது, முதலில் பாதரசம் என்றுதான் சந்தேகித்தார்கள். கடைசியில் பிடிபட்டது ஒரு நச்சுப்பாசி. உவர்நீரில் வளரும் அந்தப் பாசி நன்னீர் ஆற்றில் செழித்ததற்குக் காரணம், தொழிற்கழிவோடு வந்த உப்பு. பாசி கொன்றது என்று சொல்லி அவர்கள் கோப்பை மூடவில்லை.

நம் ஊர்களில் மாதிரி எடுக்க ஆள் வருவதற்குள் மதியமாகிவிடும். அதற்குள் வெயிலில் பாசி மறுபடி ஆக்ஸிஜனைத் தந்திருக்கும், ஓடும் தண்ணீர் கடந்து போயிருக்கும், மீன் அழுகியிருக்கும். ஆகவே மீன் வாயைப் பிளப்பதைப் பார்த்த உடனே, கழுவிய பாட்டில்களில் மேலேயும் கீழேயும் தண்ணீர் பிடித்து வையுங்கள். சாகும் தறுவாயில் உள்ள மீன் நான்கைந்தை ஐஸில் போடுங்கள். நேரத்தையும் இடத்தையும் எழுதி, செல்போனில் படம் எடுங்கள். அந்த மீனை யாரும் குழம்புக்கு எடுத்துப் போக விடாதீர்கள். பிறகு அதிகாரி வந்து ஆக்ஸிஜன் குறைவு என்றால், அதை எடுத்தது யார் என்று எழுத்தில் கேளுங்கள்.

(தொடரும்)