தலைமடை லினக்ஸும் கம்பெனிப் படியும்

நம் சங்கத்துக் குடும்பங்கள் பலவற்றில் அம்மா அப்பா ஊரில் தனியாக இருக்கிறார்கள். வாசலில் ஒரு கேமரா, படம் சேமிக்க ஒரு பெட்டி, இணையத்துக்கு ஒரு ரவுட்டர் என்று மாட்டிவிட்டு, இங்கிருந்து கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறோம். இந்தச் சாமான்கள் பலவற்றின் உள்ளே ஓடுவது லினக்ஸ். நான் நாற்பது வருஷமாக மின்சாமான் வியாபாரி; கணிப்பொறியைக் கல்லூரியில் படித்தவன் அல்லன். படித்தும் கேட்டும் கழற்றிப் பார்த்தும் அறிந்ததை எழுதுகிறேன். ஒரு பெட்டி எத்தனை வருஷம் பத்திரமாக உழைக்கும் என்பது, அதன் மென்பொருளைப் பழுதுபார்க்க ஆள் உண்டா என்பதைப் பொறுத்தது.

லினக்ஸின் கரு கெர்னல். பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கியது. அந்த மூலம் இன்றும் அவர் மேற்பார்வையில்தான் வளர்கிறது. இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு புதுப் பதிப்பு வருகிறது. இதை 'அப்ஸ்ட்ரீம்' என்பார்கள், அதாவது ஆற்றின் மேல்பக்கம். தஞ்சாவூர்க்காரர்களுக்குத் தலைமடை என்றால் உடனே விளங்கும். சிப் செய்யும் கம்பெனி ஒரு நாள் அங்கே வந்து ஒரு குடம் மொண்டுகொள்கிறது. தன் சிப்புக்கு வேண்டிய டிரைவர்களைக் கலந்து, போர்டு செய்பவரிடம் கொடுக்கிறது. அதுதான் கம்பெனிப் படி. அதற்கப்புறம் தலைமடையில் எத்தனை குறை களைந்தாலும், யாராவது மெனக்கெட்டுக் கொண்டுவந்து ஊற்றினாலொழிய குடத்துக்கு அது சேராது.

சீனாவின் ஆல்வின்னர் கம்பெனி இதற்கு நல்ல சாட்சி. ஆரஞ்சு பை, பனானா பை போன்ற மலிவான போர்டுகள் பல அதன் சிப்பில் வந்தவை. அது கொடுத்த கெர்னல் 3.4, தலைமடையில் அது வெளியானது 2012 மே மாதம். 2016இல் ஒரு சங்கதி வெளிவந்தது. அந்தக் கம்பெனிப் படியில் ஒரு குறிப்பிட்ட கோப்பில் 'ரூட்மைடிவைஸ்' என்று ஒரே சொல்லை எழுதினால் போதும், பெட்டிக்குள் ஓடும் எந்தச் சின்ன நிரலுக்கும் முழு அதிகாரம் கிடைத்துவிடும்! தலைமடையில் அப்படி ஒரு கதவு கிடையாது. அங்கே ஒரு வரி சேர வேண்டுமென்றாலும் முன்பின் தெரியாத நாலு பேர் படித்துக் குறை சொல்வார்கள். கம்பெனிகள் தயங்குவதும் அதனால்தான். நாள் ஆகும், கூலி ஆகும், அதற்குள் அடுத்த சிப் சந்தைக்கு வந்துவிடும். வியாபாரி என்ற முறையில் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது; ஆனால் நஷ்டம் வாங்கினவன் தலையில் அல்லவா விழுகிறது?

அந்தச் சிப்புகளைத் தலைமடைக்குள் கொண்டுசேர்த்ததில் பெரும்பங்கு லினக்ஸ்-சன்சி என்ற தொண்டர் குழுவுக்கு உண்டு. வீடியோ டிரைவருக்காக 2018இல் பிரான்சின் பூட்லின் நிறுவனம் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. தலைமடையின் குறை இதுதான், மறைக்கக் கூடாது. சிப் வந்த அன்றைக்கே வீடியோவும் கேமராவும் ஓட வேண்டுமென்றால் பல சமயம் கம்பெனிப் படிதான் கதி.

மூலநிரல் கிடைத்தால் மட்டும் போதுமா என்றால், அதுவும் போதாது. லின்க்சிஸின் டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் இருப்பது 2003இல் தெரியவந்தது. லினக்ஸை வைத்துச் சாமான் விற்பவர் மூலநிரலைத் தர வேண்டும் என்பது உரிம விதி, கம்பெனியும் வெளியிட்டது. அதிலிருந்து 2004இல் பிறந்ததுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி. ஆனால் பிராட்காம் வைஃபை டிரைவர் மட்டும் பிரிக்க முடியாத பொட்டலமாக, பழைய 2.4 கெர்னலுக்கென்று கட்டப்பட்டிருந்தது. அதற்காகவே 2010இல் வந்த பதிப்பிலும் 2.4 கெர்னலுக்கு ஒரு தனிப்படி வைத்திருந்தார்கள். ஒரு பொட்டலம் முழுப் பெட்டியையும் பிடித்து வைத்துக்கொண்டது.

கம்பெனிப் படி எல்லாமே மோசம் என்று சொல்லமாட்டேன். ராஸ்பெரி பைக்காரர்களும் தனிப்படிதான் வைத்திருக்கிறார்கள். ஆனால் தலைமடையில் புதுப் பதிப்பு வர வர மறுபடியும் மொண்டு, தங்கள் மாற்றங்களைச் சேர்க்கிறார்கள். 2012இல் விற்ற முதல் போர்டுக்கும் பத்து வருஷம் தாண்டிப் புதிய பதிப்பு வந்தது. அந்த வேலைக்கும் சேர்த்துத்தான் விலை.

பிள்ளைகள் விடுமுறையில் விளக்கு எரிய வைத்துப் பார்க்க எந்தப் போர்டானாலும் சரி. ஊர் வீட்டு வாசலில் இராப்பகலாக இணையத்தில் இருக்கப்போகும் பெட்டி என்றால் நான் மொத்த வியாபாரியிடம் மூன்று கேள்வி கேட்பேன். கெர்னல் எண் என்ன? கடைசி அப்டேட் எந்த வருஷம் வந்தது? சிப்புக்குத் தலைமடையில் இடம் உண்டா? போர்டு கையில் இருந்தால் 'யூநேம் -ஆர்' என்று அடித்தால் எண் தெரிந்துவிடும். இன்றைக்கும் அது 3.4, 3.10 என்று காட்டினால் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன். "சார், இருநூறு ரூபாய் குறைச்சல்" என்பார்கள். அந்த இருநூறு ரூபாய்ச் சமாசாரத்தை வாங்க வருகிறவரிடமும் சொல்லிவிடுகிறேன்.