சாவிப் படம் தெரிகிறதா?

பெரம்பலூர் மாவட்டத்து லப்பைகுடிக்காட்டிலோ வி.களத்தூரிலோ போய் விபிஎன் என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். தனியுரிமை, தகவல் பாதுகாப்பு என்றெல்லாம் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். “துபாய்ல இருந்து வீடியோ கால் பேசப் போடுவாங்களே, அதா?” என்று திருப்பிக் கேட்பார்கள். யூடியூப் விளம்பரங்கள் என்னென்னவோ சொல்லி விற்கிற சரக்கு, வெள்ளாற்றங்கரையில் ஒரே ஒரு வேலைக்காக வந்து இறங்கியிருக்கிறது: அத்தாவின் முகத்தைப் பிள்ளை பார்க்க வேண்டும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் பருத்தியும் விளைகின்றன. பக்கத்து அரியலூருக்குச் சுண்ணாம்புக்கல்லும் சிமென்ட் ஆலைகளும் இருக்கின்றன. இருந்தும், இங்கே மாடி வீடு எழும்பிய தெருக்கள் பலவற்றுக்குக் கடல் தாண்டிய சம்பளம்தான் கடைக்கால். பேசிப் பதிவு செய்த கேசட்டை லீவில் வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம், எஸ்.டி.டி. பூத் வாசலில் காத்துக் கிடந்த காலம் எல்லாம் போய், இப்போது எல்லாமே வாட்ஸ்அப். சவூதி 2017 செப்டம்பரில் இணைய அழைப்புகள் மீதிருந்த தடையைத் தளர்த்தியது. ஐக்கிய அரபு அமீரகம் அப்படிச் செய்யவில்லை. அங்கிருந்து வாட்ஸ்அப்பில் எழுதலாம், படம் அனுப்பலாம், குரல் பதிவு அனுப்பலாம்; அழைத்துப் பேச முடியாது. பேச வேண்டுமானால் அங்கே உரிமம் பெற்ற செயலிகள் சில இருக்கின்றன. அதற்கென்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் விற்கும் திட்டத்தையும் வாங்கிக்கொள்ளலாம். லேபர் கேம்ப்பில் ஒரே அறையில் பலர் தங்கி, மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறவருக்கு அந்தத் திட்டம் கண்ணில் படுவதே இல்லை. பக்கத்துக் கட்டில்காரர் சொல்லிக்கொடுத்த இலவச விபிஎன்தான் கண்ணில் படும்; போனின் இணையப் போக்குவரத்தை வேறு நாட்டுச் சர்வர் வழியாகச் சுற்றி அனுப்பி, தடையைத் தாண்ட வைக்கும் ஆப் அது.

அந்த ஊர்ச் சட்டம் இதில் விளையாட்டல்ல. 2021-ஆம் ஆண்டின் 34-ஆம் எண் சைபர் குற்றச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு, குற்றம் செய்வதற்கோ அதை மறைப்பதற்கோ ஐபி முகவரியை, அதாவது இணைப்பின் அடையாள எண்ணை, மாற்றிக் காட்டினால் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம் என்கிறது, சிறையும் உண்டு. 5 லட்சம் திர்ஹம் என்றால் நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கு மேல். விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. வங்கிகளும் கம்பெனிகளும் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. ஆனால் தடுத்து வைத்த சேவையை எட்டிப் பிடிக்கப் பயன்படுத்தினால் பிரிவுக்குள் வந்துவிடும் ஆபத்து இருக்கிறது என்பதை அங்குள்ள வழக்கறிஞர்கள் எச்சரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மகளிடம் ‘சாப்பிட்டியாம்மா’ என்று கேட்டதற்காக யாரையும் பிடித்துக்கொண்டு போகப்போவதில்லை என்று நம்பித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இதுவரை அந்த நம்பிக்கையில்தான் வண்டி ஓடுகிறது.

என் கவலை அபராதத்தைப் பற்றியதல்ல. அந்த ஆப்பை நடத்துகிறவன் யார் என்பதுதான்.

ஆண்ட்ராய்டு போனில் விபிஎன் ஒன்றைப் போட்டு முதல்முறை இயக்கும்போது போனே ஒரு பெட்டியைத் திறந்து எச்சரிக்கிறது: இந்த ஆப் உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பிக்கையான இடமாக இருந்தால் மட்டும் சம்மதியுங்கள் என்ற அர்த்தத்தில். போனின் மொழி தமிழாக இருந்தால் அதைத் தமிழிலேயே சொல்லும். படிப்பவர் உண்டா? ‘சரி’ என்று தட்டியதும் போனின் மேல்விளிம்பில் ஒரு சின்னச் சாவிப் படம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அதன்பிறகு அந்தப் போனிலிருந்து எந்தெந்தத் தளத்துக்கு எப்போது போகிறோம், எவ்வளவு நேரம் இருக்கிறோம் என்பதை நம் நெட் கம்பெனி பார்ப்பது குறைகிறது. ஆப்காரன் பார்ப்பது தொடங்குகிறது. முன்னவருக்கு ஒரு முகவரியும் உரிமமும் இருக்கின்றன, புகார் கொடுக்க இடம் இருக்கிறது. பின்னவர் எந்தத் தீவில் பதிவு செய்திருக்கிறார் என்பதே பல சமயம் தெரியாது.

காசு வாங்காமல் இவர் எதற்காகச் சர்வருக்கு வாடகை கட்டுகிறார் என்ற கேள்விக்குப் பதில் தேட ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. 2016-இல் ஆய்வாளர்கள் சிலர் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். பயனரைப் பின்தொடரும் மூன்றாம் தரப்பு நிரல்கள் 75 சதவீதச் செயலிகளில் இருந்தன. தீநிரல் இருக்கும் அறிகுறி 38 சதவீதத்தில். 18 சதவீதம் போக்குவரத்தைக் குறியாக்கமே செய்யவில்லை. பூட்டு என்று சொல்லி விற்றதில் சாவித் துவாரம் மட்டும்தான் இருந்தது! 2020 ஜூலையில் இன்னொரு கூத்து. எந்தப் பதிவும் வைத்துக்கொள்வதில்லை என்று சத்தியம் செய்த இலவச விபிஎன்கள் ஏழின் பயனர் பதிவுகள், ஒரு டெராபைட்டுக்கும் மேல், இணையத்தில் பூட்டில்லாமல் திறந்து கிடந்தன.

இதெல்லாம்கூட விளம்பரக்காரன் வேவு பார்க்கிற கதை என்று தள்ளிவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது அடுத்தது. 2024 மே மாதம் அமெரிக்க நீதித்துறை ஒரு கைதை அறிவித்தது. ஆள் பிடிபட்ட இடம் சிங்கப்பூர். விண்டோஸ் கணினிகளில் மக்கள் இலவச விபிஎன் என்று நம்பி இறக்கிய மென்பொருள்கள் வழியாக, ஏறக்குறைய 200 நாடுகளில் 1.9 கோடி ஐபி முகவரிகளைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றைக் குற்றவாளிகளுக்கு வாடகைக்கு விட்டதாக வழக்கு. அமெரிக்காவில் கோவிட் நிவாரணத்தைப் போலி விண்ணப்பம் போட்டுச் சுருட்டியவர்கள், வெடிகுண்டு மிரட்டல் விட்டவர்கள் எல்லாம் யாரோ ஒரு குடும்பத்தின் கணினி வாசல் வழியாகத்தான் வெளியே போயிருக்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் தெரியாது.

இதை அப்படியே ஜெயங்கொண்டத்துக்கோ வேப்பந்தட்டைக்கோ கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். எங்கோ ஒருவருடைய வங்கிக் கணக்கிலிருந்து பணம் களவு போகிறது. விசாரணை ஐபி முகவரியில் தொடங்குகிறது. அந்த முகவரியை எந்த நாளில் எந்த நேரத்தில் எந்த இணைப்புக்குக் கொடுத்தார்கள் என்று நெட் கம்பெனியிடம் கேட்கிறார்கள். பதிவேடுகளை இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி. வந்து நிற்கிற பெயர், வீட்டு ஃபைபர் இணைப்பை எடுத்தவருடையது. அவரோ அபுதாபியில். கதவைத் திறப்பது அவருடைய மனைவி அல்லது அறுபது வயதைத் தாண்டிய மாமனார். “எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்” என்பதைத் தவிர அவர்களிடம் என்ன பதில் இருக்க முடியும்? கடைசியில் நிரபராதி என்று தெரிந்துவிடும், சரி. அதற்குள் போனையும் லேப்டாப்பையும் ஒப்படைத்துவிட்டு, தெருவில் நாலு பேர் பார்க்க ஸ்டேஷன் படி ஏறி இறங்கியாக வேண்டும். விசா புதுப்பிக்கிற நேரமாக இருந்தால் இன்னும் தலைவலி.

இதில் வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இருப்பவர்களுக்கு அந்த ஆப் தேவையே இல்லை. தடை அமீரகத்து நெட்வொர்க்கில் இருக்கிறது. அங்கிருந்து பேசுகிறவர் போட்டால் போதும். பெரம்பலூரில் எடுப்பவர் சும்மா எடுக்கலாம். ஆனால் கால் அறுந்து அறுந்து வந்தால் ‘நீயும் போட்டுக்க’ என்று அவர் சொல்லிவிடுகிறார். இவர்கள் போட்டுவிடுகிறார்கள். கால் அறுவது சிக்னலால். ஆப் மட்டும் அப்படியே தங்கிவிடுகிறது. அதே போனில்தான் பிள்ளை விளையாடுகிறது, ஊரக வேலைத் திட்டச் சம்பளக் குறுஞ்செய்தி வருகிறது, நகைக்கடன் தவணை போகிறது.

பணம் என்று வந்தால் கதை தலைகீழ். விபிஎன் ஓடும்போது வங்கி ஆப்புகள் சில திறக்கவே மறுக்கும். போன் செந்துறையில் இருக்க, வங்கிக்கோ அது நெதர்லாந்தில் இருப்பதாகத் தெரிந்தால் சந்தேகப்படத்தானே செய்யும்? அதனால் பணம் அனுப்பும்போது அணைத்துவிட்டு, பேசும்போது போடுகிறார்கள். பணத்தைக் காக்கும் கவசம் என்று விற்கப்பட்ட பொருள், பணம் நகரும் நேரத்தில் மட்டும் ஓய்வெடுக்கிறது. அதுவும் பெரிய நஷ்டமில்லை. வங்கித் தளங்கள் முன்பே குறியாக்கத்தோடுதான் வருகின்றன. இங்கே ஆட்கள் ஏமாறுவது வழியில் ஒட்டுக்கேட்டு அல்ல, ‘பி.எம். கிசான் பட்டியல்’, ‘கல்யாணப் பத்திரிகை’ என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் தொட்டு, ‘சிபிஐயில் இருந்து பேசுகிறோம்’ என்ற வீடியோ காலுக்கு நடுங்கி, ஓடிபியைத் தானே வாயால் சொல்லி. எந்த விபிஎன்னும் அந்த வாயைப் பொத்தாது.

நல்ல விபிஎன்களே இல்லையா என்று கம்ப்யூட்டர் படித்த தம்பிகள் கேட்பார்கள். இருக்கின்றன. காசு கட்டி, வெளியார் தணிக்கைக்கு உட்பட்டு நடப்பவை உண்டு. பத்திரிகையாளருக்கும், பேருந்து நிலைய வைஃபையில் அலுவலக வேலை பார்ப்பவருக்கும் அவை உதவும். இலங்கையில் 2022 ஏப்ரலில் ஊரடங்கோடு சமூக ஊடகங்களையும் முடக்கியபோது மக்கள் விபிஎன் வழியாகத்தான் பேசினார்கள். மறுப்பதற்கில்லை.

இந்தியாவில் விபிஎன் வைத்திருப்பது குற்றமில்லை. 2022 ஏப்ரல் 28 அன்று ஒன்றிய அரசு பிறப்பித்த இணையப் பாதுகாப்பு உத்தரவு, வாடிக்கையாளரின் பெயர், முகவரி, கொடுத்த ஐபி எண் உள்ளிட்டவற்றை ஐந்து ஆண்டு வைத்திருக்கும்படி விபிஎன் நிறுவனங்களிடம் கேட்டது. பதிவே வைக்க மாட்டோம் என்ற கொள்கை உடைய வெளிநாட்டு நிறுவனங்கள் சில தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டன. ஆப்பில் இந்தியக் கொடியைத் தொட்டால் இணைப்பு சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருந்து வரும் விசித்திரம் அதன்பிறகு பரவியதுதான். பெயரும் முகவரியும் உள்ள கம்பெனிகளை இந்த உத்தரவு அசைத்தது. பெயரே இல்லாத இலவச ஆப்புகளை அது என்ன செய்தது? ஒன்றும் செய்ததாகத் தெரியவில்லை.

ஊரில் இருந்து பேசுகிற வீட்டார் இன்றைக்கே பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. வீட்டுப் போனின் மேல்விளிம்பில் சாவிப் படம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டாலும் செட்டிங்ஸில் ‘விபிஎன்’ என்று தேடுங்கள். பட்டியலில் பழைய பெயர் ஏதாவது இருந்தால் அனுமதியை நீக்கிவிட்டு ஆப்பையும் அழித்துவிடுங்கள். கணினியில் போட்டிருந்தால் அதையும். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930-க்கு உடனே அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கைமாறிக்கொண்டே போகும்.

அமீரகத்துக்குப் போகிற, பத்தாம் வகுப்பு தாண்டாத தொழிலாளிக்கு ஒன்றிய அரசு ஒரு நாள் பயிற்சி வைத்திருக்கிறது. அந்த நாட்டுச் சட்டம், சம்பளம், காப்பீடு எல்லாம் அதில் வரும். மனைவி மக்களோடு எந்த ஆப்பில், எவ்வளவு செலவில், சட்டத்துக்கு உட்பட்டுப் பேசலாம் என்று பத்து நிமிடம் சேர்த்துச் சொல்லலாம். கூட வழியனுப்ப வந்து வெளியே உட்கார்ந்திருக்கும் வீட்டாரையும் அந்தப் பத்து நிமிடத்துக்கு உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கலாம்.