கன்ட்ரோல் லைனில் ஒரு ‘கீ கொபோர்’

அண்மையில் ஒரு மாலை, என் மகள் கம்ப்யூட்டரை மூடி வைத்துவிட்டு முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். சால்ட் லேக் ஐந்தாம் செக்டரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் அவளுக்கு வேலை. 2020 மார்ச் ஊரடங்கின்போது வீட்டுக்கு வந்த அலுவலகம், வாரத்தில் பாதி நாள் இன்னமும் வீட்டில்தான் நடக்கிறது. உடன் வேலை செய்பவர்கள் சென்னையிலும் புனேயிலும் இருக்கிறார்கள். தினமும் காலை பத்தரைக்கு வீடியோவில் கூடுவார்கள்.

“புனேயில இருக்கிற பொண்ணோட அம்மா தவறி ரெண்டு வாரம் ஆச்சாம்ப்பா. அவ நாலு நாள் லீவு போட்டப்பகூட ஏன்னு யாரும் கேக்கல. தினம் முகத்தைப் பாக்கறோம், ஒருத்தருக்கும் தெரியல” என்றாள்.

அன்றிரவு எனக்கு, முகம் பாராமலே பழகிய என் பழைய சிநேகிதர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

டிப்ளமோ முடித்த கையோடு 1982-ல் தென்கிழக்கு ரயில்வேயின் டெலிகாம் பிரிவில் சேர்ந்தவன் நான். கரக்பூர் டிவிஷனில் கன்ட்ரோல் போன் பராமரிப்பு என் வேலை. இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று ஒரு செக்‌ஷனின் எல்லா ஸ்டேஷன்களும் ஒரே ஜோடிக் கம்பியில் இணைந்திருக்கும். கன்ட்ரோலர் தமக்கு வேண்டிய ஸ்டேஷனில் மட்டும் மணி அடிக்கச் செய்வார். ஸ்டேஷன் மாஸ்டரோ ரிசீவரை எடுத்தாலே போதும், கன்ட்ரோலர் கிடைப்பார். ஒருவர் பேசுவது, அந்நேரம் ரிசீவரை எடுத்த எல்லோருக்கும் கேட்கும்.

வண்டி எண், வந்த நேரம், போன நேரம் இவைதான் பேச வேண்டியவை. வீண்பேச்சு கூடாது. ஆனாலும் இரவு மூன்று மணிக்கு, இரண்டு கூட்ஸ் வண்டிகளுக்கு நடுவே, “கீ கொபோர், தாதா?” என்று ஒரு குரல் வரும். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டம், இலிஷ் மீன் விலை, மகள் கல்யாணம் எல்லாம் அரை நிமிஷத்தில் வந்து போகும். அதில் காரியமும் இருந்தது. பதில் குரலை வைத்தே, அந்தப் பக்கத்து ஆள் விழிப்பா, தூக்கக் கலக்கமா என்று அனுபவமுள்ள கன்ட்ரோலர் கண்டுகொள்வார்.

1987 குளிர்காலத்தில் ஓர் இரவு, டெஸ்ட் ரூமில் லைனைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சிறிய ஸ்டேஷன் ஒன்றிலிருந்து வண்டி நேரம் சொன்னவரின் குரல் கம்மியிருந்தது. “என்ன தாதா, உடம்பு சரியில்லையா?” என்றார் கன்ட்ரோலர். குவார்ட்டர்ஸில் குழந்தைக்குக் கடும் ஜுரம், மனைவி தனியாக இருக்கிறாள் என்று பதில் வந்தது. காலை முதல் வண்டியில் மாற்று ஆளும் ரயில்வே டாக்டரும் போய் இறங்கினார்கள். அதுவரை கன்ட்ரோலரும் அவரும் ஒருவரையொருவர் நேரில் பார்த்ததே இல்லை.

இத்தகைய சிநேகம் நம் ஊருக்குப் புதிதல்ல. இந்தியாவின் முதல் தந்திக் கம்பி 1851-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் இடையேதான் போடப்பட்டது. தட்டும் பாணியைக் கேட்டே மறுமுனையில் யாரென்று சொல்லிவிடும் தந்தி ஊழியர்கள் உண்டு. அமெரிக்காவில் தந்தி ஊழியராயிருந்த எல்லா தேயர், கம்பி வழியே காதலித்த இருவரைப் பற்றி 1879-ல் ஒரு நாவலே எழுதினார்.

அப்படியிருக்க, வீடியோவில் என்ன குறை? மகளிடம் விசாரித்தேன். தன் முறை வரும்வரை எல்லோரும் மைக்கை அணைத்து வைக்கிறார்கள். ஒருவர் பேசினால் மற்றவர் நிறுத்த வேண்டும். பதினோரு மணிக்குக் கூட்டம் முடிந்தால், அடுத்த நிமிஷம் ஒருவரும் இல்லை. பிறகு வெறும் மெசேஜ்தான். கட்டைவிரல் படத்தில் குரல் கம்முவது எப்படித் தெரியும்?

“கூட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே லைனைத் திறந்து வை. வர்றவங்க வரட்டும். கேமராவும் வேண்டாம், வேலைப் பேச்சும் வேண்டாம். யாரையும் கட்டாயப்படுத்தாதே” என்றேன். இன்னொன்றும் சொன்னேன். எங்கள் கன்ட்ரோல் பேச்சைப் பிற்காலத்தில் பதிவு செய்யத் தொடங்கினார்கள். கம்பெனி லைனில் பேசுவதும் எழுதுவதும் பதிவாகக்கூடும். ஆகவே நலம் விசாரிக்கலாம், வம்பு கூடாது.

அவள் சிரித்தாள். ஆனால் மறுநாளே புனேக்குப் போன் செய்தாள். அந்தப் பெண் அரை மணி நேரம் அழுதாளாம். இப்போது தினமும் பத்து இருபதுக்கு லைன் திறக்கிறது. ஏழு பேரில் மூன்று பேர் வருகிறார்கள். தொடக்கத்துக்கு மூன்று போதும்.

நான் 2020 மே மாத இறுதியில் ஓய்வு பெற்றேன். வழியனுப்பு விழாவும் வீடியோவில்தான். மாலை இல்லை, மிஷ்டி இல்லை. எல்லோரும் பேசிவிட்டுப் போனபின், ஒருவர் மட்டும் லைனை விடாமல், “கீ கொபோர், தாதா?” என்றார். முகத்தைப் பார்த்தேன், யாரென்று தெரியவில்லை. குரல் தெரிந்தது.