விரல் முந்தும், விலை பிந்தும்

2003-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடித்திருந்த நேரம். அமெரிக்காவின் இல்லினாய் மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகம் பொதுமக்களுக்கு ஓர் எச்சரிக்கை விடுத்தது. போலிச் சரக்கைப் பற்றியோ கிரெடிட் கார்டு மோசடியைப் பற்றியோ அல்ல. பொருளை உங்கள் கையில் கொடுத்து, அது உங்கள் வீட்டில் இருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்லும் கடைகளில் கவனமாக இருங்கள் என்பதுதான் அந்த எச்சரிக்கை. நம்மூர்ப் புடவைக் கடைக்காரர் கேட்டால் சிரிப்பார். முந்தானையை எடுத்துத் தோளில் போட்டுக் கண்ணாடி முன் நிறுத்திவிட்டால் பாதி வியாபாரம் முடிந்தது என்பது அவருக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த சங்கதி.

அதை ஆய்வுக்கூடத்தில் அளந்து பார்த்தவர்கள் பொருளாதாரம் படித்தவர்களும் உளவியல் படித்தவர்களும். 1990-இல் டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்ட் தாலர் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. கார்னெல் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிப் பேருக்குக் காபிக் கோப்பை ஒன்றைச் சும்மா கொடுத்தார்கள். மீதிப் பேருக்குக் கொடுக்கவில்லை. இப்போது விற்கலாம், வாங்கலாம் என்றார்கள். வாங்க வந்தவர்கள் இரண்டே கால் முதல் இரண்டே முக்கால் டாலர் வரைதான் தரத் தயாராக இருந்தார்கள். கோப்பை வைத்திருந்தவர்களோ ஐந்தே கால் டாலருக்குக் கீழே இறங்கவில்லை. அதே கோப்பை, அதே வகுப்பறை. சில நிமிடங்கள் தன்னுடையதாக இருந்ததற்கே இரண்டு மடங்கு விலை. தாலர் 1980-லேயே இதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார். தமிழில் உடைமை விளைவு என்று சொல்லலாம்.

கடையில் நிற்கும் வாடிக்கையாளருக்கு எதுவும் சொந்தமில்லையே, இந்த விளைவு அங்கே எப்படி வரும்? அந்த இடைவெளியை நிரப்பியது 2009-இல் வெளிவந்த ஜோன் பெக், சுசேன் ஷூ இருவரின் ஆய்வு. பொருள் சொந்தமாக வேண்டிய அவசியமே இல்லை, தொட்டாலே போதும், 'என்னுடையது' என்ற உணர்வு துளிர்க்கிறது என்று அவர்கள் காட்டினார்கள். அதற்கு முந்தைய ஆண்டில் ஜேம்ஸ் வூல்ஃபும் அவருடைய சகாக்களும் நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். கோப்பையைச் சிலர் 10 விநாடி பிடித்துப் பார்த்தார்கள், சிலர் 30 விநாடி. பிறகு ஏலம். அதிக நேரம் பிடித்திருந்தவர்கள் அதிகமாகக் கேட்டார்கள். 20 விநாடிதான் வித்தியாசம் என்பதை நினைத்துக்கொண்டு அடுத்த முறை மொபைல் கடை மேசையைக் கவனியுங்கள். அங்கே ஓடும் விளையாட்டுகளும் கேமராவும் யாரையும் 30 விநாடியில் விடுவதில்லை.

பெக் ஆய்வில் இன்னொரு நுணுக்கமும் உண்டு. தொடும்போது கைக்கு இதமில்லை என்றால், சொந்தம் என்ற உணர்வு வந்தாலும் மதிப்பு ஏறுவதில்லை. டெமோ டேப்லெட்டுகளைக் கடை ஊழியர் ஓயாமல் துடைத்துக்கொண்டே இருப்பதன் அர்த்தம் இங்கே புரிகிறது. பத்துப் பேரின் விரல் எண்ணெய் படிந்த கண்ணாடி பதினோராவது ஆளுக்கு எதையும் விற்காது.

சரி, கோப்பைக்குக் கைப்பிடி உண்டு, வளைவு உண்டு. டேப்லெட் திரை வழவழவென்ற கண்ணாடி. அதில் ஒரு ஸ்வெட்டரின் படத்தைத் தொட்டாலும் கைக்குக் கிடைப்பது கண்ணாடிதான். அந்தத் தொடுதலுக்குமா இந்த மயக்கம்? பாஸ்டன் கல்லூரியைச் சேர்ந்த ஆடம் பிரேசல், ஜேம்ஸ் கிப்ஸ் இருவரும் இதைத்தான் சோதித்தார்கள். ஒரே இணையக் கடையைச் சிலருக்கு மவுஸ் கொடுத்தும், சிலருக்கு லேப்டாப்பில் இருக்கும் டச்பேடு கொடுத்தும், சிலருக்குத் தொடுதிரை கொடுத்தும் பார்க்கச் சொன்னார்கள். திரையை நேரடியாகத் தொட்டவர்களுக்கே உடைமை உணர்வு கூடுதலாக இருந்தது. ஊர் சுற்றிக் காட்டும் சுற்றுலா போன்ற கைக்கு அகப்படாத சரக்கைவிட, தடவிப் பார்த்து வாங்கும் உடுப்பில் அந்த உணர்வு வலுவாக இருந்தது. 2014-இல் வெளியான முடிவு இது. விரலுக்குப் பொய் சொல்லலாம் என்பது விசித்திரம்தான். படத்தின் மேல் விரல் பட்டதை மூளை பொருளின் மேல் பட்டதாகவே வரவு வைத்துக்கொள்கிறது.

இந்த மென்மையான தொடுதலை நமக்கு அளித்தது மின்னியல். இங்கிலாந்தின் மால்வெர்னில் இருந்த ராயல் ரேடார் நிறுவனத்தில் பணியாற்றிய இ.ஏ. ஜான்சன், 1965-லேயே விரலின் மின்தேக்கத்தைக் கொண்டு இயங்கும் தொடுதிரையைப் பற்றி எழுதிவிட்டார். விமானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவர்களின் வேலையை எளிதாக்குவது அவர் நோக்கம். இன்றைய டேப்லெட்டின் கண்ணாடிக்கு அடியில், ஒளி ஊடுருவும் மின்கடத்தியால் ஆன மெல்லிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. பெரும்பாலும் இண்டியம் டின் ஆக்சைடு. கோடுகள் ஒன்றையொன்று கடக்கும் ஒவ்வொரு இடமும் ஒரு குட்டி மின்தேக்கி. நம் உடலில் உப்பும் நீரும் இருப்பதால் அது மின்சாரத்தைக் கடத்தும். விரல் கிட்டே வந்ததும் அந்த இடத்து மின்புலத்தில் ஒரு பங்கு விரல் பக்கம் நழுவுகிறது. குறைந்தது எங்கே என்று சில்லு கணக்குப் போட்டு, விரல் இருக்கும் புள்ளியைக் கண்டுபிடிக்கிறது. அழுத்த வேண்டியதே இல்லை. தடித்த கையுறை போட்ட விரலை அது கண்டுகொள்ளாததும், கண்ணாடியில் தண்ணீர் தெளித்திருந்தால் தடுமாறுவதும் இதனால்தான்.

பழைய தொடுதிரைகள் வேறு ரகம். இரண்டு படலங்களுக்கு நடுவே இடைவெளி விட்டிருப்பார்கள். அமுக்கினால் மேல் படலம் கீழ்ப் படலத்தைத் தொட்டு மின்சுற்று பூர்த்தியாகும். அதில் வேலை செய்தவர்களுக்கு நினைவிருக்கும், நகத்தால் குத்தினால்தான் அசையும். அப்படி ஒரு திரையை யாரும் ஆசையாகத் தடவிப் பார்த்ததாக எனக்கு ஞாபகமில்லை.

இனி, தொட்டால் மயங்குவார்கள் என்றே வைத்துக்கொள்வோம். முதலில் தொட வேண்டுமே! எதையாவது காட்டிக்கொண்டிருக்கும் திரைகள் நம்மைச் சுற்றி அதிகரிக்க அதிகரிக்க, அவற்றைப் பார்க்காமல் இருக்கக் கண் பழகிவிட்டது. யோர்க் முல்லரும் சகாக்களும் 2009-இல் இதைத் திரைக் குருட்டுத்தனம் என்றார்கள். காட்டப்போவது விளம்பரம்தான் என்ற எதிர்பார்ப்பே பார்வையைத் திருப்பிவிடுகிறது. அதற்கு ஓராண்டு முன்பு எலைன் ஹுவாங், அன்னா கோஸ்டர், யான் போர்ஷர்ஸ் மூவரும் பொது இடத் திரைகளுக்குப் பக்கத்தில் நின்று கவனித்தார்கள். ஒரு விநாடி, மிஞ்சினால் இரண்டு விநாடி, அவ்வளவே பார்வை. ஆனால் பெரிய திரையைவிடச் சின்னத் திரையே கண்ணை அதிக நேரம் பிடித்து வைக்கக்கூடும் என்பதும் தெரிந்தது. சுவர் நிறைய எல்.இ.டி. பலகை மாட்டும் கடைக்காரர்கள் இதைக் கேட்டால் வருந்துவார்கள்.

பார்த்தாலும், அது தொட்டால் பதில் சொல்லும் திரை என்று தெரிய வேண்டும். கடைக் கண்ணாடிச் சாளரத்தில், எதிரே போகிறவரின் அசைவுக்கு ஏற்ப இயங்கும் திரைகளை வைத்து முல்லர் குழு 2012-இல் இன்னொரு ஆய்வு வெளியிட்டது. எழுத்தால் அழைப்பதைவிட, போகிறவரின் நிழலுருவத்தையோ கண்ணாடிப் பிம்பத்தையோ காட்டுவதே நன்றாக எடுபட்டது. தன் உருவம் அசைவதைக் கண்டவர் நின்றுவிடுகிறார். வேடிக்கை என்னவென்றால், பலர் அதை உணர்ந்தபோது திரையைத் தாண்டிப் போயிருந்தார்கள். நாலு எட்டு வைத்த பிறகு திரும்பி வந்தார்கள். திரை இருக்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பவர் இந்த நாலு எட்டையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பிறரின் முதுகும் ஓர் அழைப்புதான். ஹாரி பிரிக்னல், இவோன் ரோஜர்ஸ் இருவரும் 2003-இல் கூட்டம் கூடும் விருந்துகளில் பெரிய திரை ஒன்றை வைத்து, யார் எப்போது அணுகுகிறார்கள் என்று பார்த்தார்கள். முதல் ஆள் முன்வரத் தயங்குகிறார். எல்லார் முன்னாலும் தடுமாறிவிடுவோமோ என்ற கூச்சம். ஒருவர் வந்துவிட்டால் தேன் கண்ட ஈயாகக் கூட்டம் மொய்க்கிறது. (இதே பிரிக்னல்தான் 2010-இல், இணையதளங்கள் நம்மை ஏமாற்றக் கையாளும் வடிவமைப்புத் தந்திரங்களுக்குப் பெயர் சூட்டி அவற்றை எதிர்த்துப் பிரசாரம் தொடங்கியவர். மனிதர்களை இழுக்கும் வித்தையை ஆராய்ந்தவருக்கே அதன் ஆபத்தும் முதலில் தெரிந்திருக்கிறது.)

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டு ஆப்பிளின் கதைக்கு வருவோம். அந்நிறுவனத்தின் முதல் இரண்டு கடைகள் 2001 மே 19 அன்று வர்ஜீனியாவிலும் கலிபோர்னியாவிலும் திறந்தன. சரியாகப் பத்தாண்டு கழித்து, 2011 மே மாதத்தில், கடைகளில் இருந்த விலை அட்டைகள் மறைந்தன. அவற்றின் இடத்தில், தெளிவான அக்ரிலிக் கட்டிக்குள் பொதிந்த ஐபேடுகள் ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் முளைத்தன. விலை, அம்சங்கள், இரண்டு மாடல்களுக்கு இடையே ஒப்பீடு எல்லாம் அதில் பார்க்கலாம். ஒரு பொத்தானைத் தொட்டால் விற்பனையாளர் வருவார். அதுவரைக்கும் வரிசையில் உங்கள் இடம் என்ன என்றும் திரை சொல்லும். அருமையான ஏற்பாடுதானே? 2015-இல் அவை அகற்றப்பட்டன. விலையும் விவரமும் விற்பனைக்கு வைத்திருக்கும் போன், டேப்லெட், கணினிக்குள்ளேயே ஒரு செயலியாகப் போய்ச் சேர்ந்தன.

ஏன் அகற்றினார்கள்? என் பார்வையில் இதற்கான விடை பெக்கின் வேறொரு கட்டுரையில் இருக்கிறது. டெர்ரி சில்டர்ஸுடன் சேர்ந்து 2003-இல் அவர், தொடும் விருப்பத்தை அளக்க 12 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார். மனிதர்கள் இரண்டு காரணங்களுக்காகத் தொடுகிறார்கள் என்பது அதன் அடிப்படை. எடை எவ்வளவு, உறுதியா என்று விவரம் அறியத் தொடுவது ஒன்று. தொடுவதே சுகம் என்று தொடுவது இன்னொன்று. அக்ரிலிக்குக்குள் இருந்த ஐபேடு முதல் வகைத் தொடுதலுக்காக அமைக்கப்பட்டது. அதை எடுக்க முடியாது, புரட்ட முடியாது, எடை தெரியாது. ஐபேடு வாங்க வந்தவருக்கு எதிரே ஒரு நிஜ ஐபேடும், அதே முகத்தோடு ஒரு சிறைப்பட்ட ஐபேடும் கிடந்தன. வந்தவர் விரல் விநாடிகளைச் செலவழிக்க வேண்டிய இடம் எது? சிறைப்பட்ட ஐபேடில் கழியும் ஒவ்வொரு விநாடியும் பொருளுக்குக் கிடைக்காத விநாடி. செயலியைப் பொருளுக்குள் நகர்த்திய பிறகு, விலை தெரிய வேண்டுமானாலும் பொருளைத் தொட்டே ஆக வேண்டும். வியாபாரக் கண்ணோட்டத்தில் இது கெட்டிக்காரத்தனம். வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால், விலை அட்டை மேசையின் மேல் இருந்த காலமே எனக்குப் பிடித்திருக்கிறது.

அந்நிறுவனக் கடைகளின் லேப்டாப் திரைகள் 70 டிகிரி சாய்வில் திறந்து வைக்கப்படுவதாகவும், அதற்காக ஊழியர்கள் கோணமானிச் செயலியைப் பயன்படுத்துவதாகவும் கார்மைன் கேலோ என்ற எழுத்தாளர் 2012-இல் எழுதினார். அந்தச் சாய்வில் திரை சரியாகத் தெரியாது. ஆகவே நீங்கள் கையை நீட்டிச் சரிசெய்வீர்கள். தொட்டாயிற்று.

திரைக்கு இன்னொரு குணமும் உண்டு. அது யாரையும் எடைபோடுவதில்லை. ஸ்வீடனில் மதுவை விற்கும் அரசு நிறுவனமான சிஸ்டம்போலாகெட், 1990-களில் சில கடைகளில் கவுண்டரில் நின்று கேட்டு வாங்கும் முறையைக் கைவிட்டு, அலமாரியில் இருந்து தானே எடுக்கும் முறைக்கு மாறியது. அவி கோல்ட்ஃபார்ப் உள்ளிட்ட ஆய்வாளர்கள் அந்த மாற்றத்தை ஆராய்ந்தபோது, உச்சரிக்கக் கடினமான பெயர் கொண்ட சரக்குகளின் சந்தைப் பங்கு 8.4 சதவீதம் உயர்ந்திருந்தது. வாய் குழறிப் பிறர் முன் அசடு வழியும் கவலை போனதும் ஆசை வெளிவந்துவிட்டது. நம்மூர் ஷோரூமில் இதை வேறு விதமாகப் பார்க்கலாம். பிராண்ட் டீ-ஷர்ட் போட்ட புரமோட்டர் தம்பி பக்கத்தில் வந்து, "சார், என்ன பட்ஜெட்ல பாக்குறீங்க?" என்றதும் கை தானாகப் பின்வாங்கும். பட்ஜெட்டைச் சொல்லக் கூசுகிற அக்கா ஒருவர், ஆளில்லாத மேசையில் டேப்லெட்டில் எல்லா மாடலையும் சாவகாசமாகத் தட்டிப் பார்ப்பார்.

மொபைல் கடைகளில் முன்பெல்லாம் டம்மி பீஸ்தான் இருக்கும். உள்ளே ஒன்றுமில்லாத வெறும் கூடு, திரையில் ஸ்டிக்கர். பிடித்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். லைவ் டெமோ வந்த பிறகு கைக்குப் பதில் கிடைக்கிறது. ஆனால் அந்தப் பதிலைத் தயார் செய்து வைத்திருக்கிறார்கள். டிவி வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்கும், கடைக்கென்றே ஒரு படமுறை உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய, பிரகாசத்தையும் நிறத்தையும் ஏகத்துக்கு ஏற்றிவிடும் முறை. வீட்டுக்கு வந்ததும் அமைப்புகளில் போய் வீட்டு முறைக்கு மாற்றாவிட்டால், எல்லார் முகமும் சாயம் பூசியது போல இருக்கும். டெமோ டேப்லெட்டும் அப்படித்தான். அதில் நிரம்பி வழியும் புகைப்படங்கள் இல்லை, பின்னணியில் ஓடும் இருபது செயலிகள் இல்லை, குடும்ப வாட்ஸ்அப் குழு இல்லை. அது சறுக்கிக்கொண்டு ஓடாமல் என்ன செய்யும்?

ஆகவே கடையில் சோதிக்க வேண்டியவை, காட்சிக்கு வைக்கப்படாதவையே. ஒற்றைக் கையால் கால் மணி நேரம் பிடிக்க முடிகிறதா, ஜன்னல் வெளிச்சத்தில் எழுத்து படிக்க முடிகிறதா, தமிழ் விசைப்பலகை ஒழுங்காக வருகிறதா என்று பாருங்கள். ஸ்பீக்கரைக் கையால் மூடாமல் வீடியோ பார்க்க வழி இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒன்றை மட்டும் எந்தக் கடையிலும் சோதிக்க முடியாது. டெமோ மேசையில் இருக்கும் ஒவ்வொரு டேப்லெட்டின் முதுகிலிருந்தும் ஒரு வயர் இறங்குகிறது. திருட்டுக்குக் காவல் என்று நினைப்போம், உண்மைதான். சார்ஜும் அதே வழியாகத்தான் ஏறிக்கொண்டிருக்கிறது.