அகப்பக்கம் அமைக்கும் முன் ஒரு கேள்வி

வீட்டில் யாராவது "கேஸ்டிரிக்" என்று வயிற்றைப் பிடித்தால், பிள்ளைகள் உடனே கைத்தொலைபேசியைத் தட்டிப் பார்க்கிறார்கள். சில கெட்டிக்காரப் பிள்ளைகள், "தோட்டத்து மக்களுக்குத் தமிழிலேயே ஒரு வயிற்று நல அகப்பக்கம் அமைக்கப் போகிறோம்" என்றும் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல எண்ணம். ஆனால் உலை வைக்கும் முன் அரிசியில் கல் பொறுக்க வேண்டாமா? இருக்கின்ற பக்கங்களை முதலில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

எது நெல், எது பதர் என்று அறிய ஒரே கேள்வி போதும். வயிற்றுப் புண் எதனால் வருகிறது?

"காரமும் கவலையும்தான் காரணம்" என்று ஒரு பக்கம் முடித்துவிட்டால், அது பழைய சரக்கு. ஒரு காலத்தில் மருத்துவர்களும் அப்படித்தான் நம்பினார்கள். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன் என்ற மருத்துவர், நோயாளிகளின் இரைப்பைச் சதையில் வளைந்த கிருமிகளைக் கண்டார். பேரி மார்ஷல் அவருடன் சேர்ந்தார். கிருமியை வளர்க்கப் பார்த்தார்கள், வளரவில்லை. 1982 ஈஸ்டர் விடுமுறையில் தட்டுகள் வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் கிடந்துவிட்டன. திரும்பி வந்து பார்த்தால், கிருமி வளர்ந்திருந்தது! அப்போதும் பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாளில் வாந்தி, இரைப்பை அழற்சி. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

அந்தக் கிருமியின் பெயர் ஹெலிகோபாக்டர் பைலோரி. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நடந்த ஆய்வுகளில், மலாய்க்காரரைவிட இந்தியரிடமும் சீனரிடமும் இது அதிகம் காணப்பட்டது. பெரும்பாலும் சிறு வயதிலேயே வீட்டுக்குள் தொற்றிக்கொள்கிறது. கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. வந்தவர்கள் மூச்சுச் சோதனையில் கண்டுபிடித்து, ஒன்று இரண்டு வாரம் மருந்து சாப்பிட்டால் பெரும்பாலும் குணமாகலாம். வருஷக்கணக்காக வெள்ளை மருந்தைக் குடித்துக் காலம் தள்ள வேண்டியதில்லை. பாதியில் மாத்திரையை நிறுத்தினால்தான் வம்பு.

இன்னொரு காரணம் நம் அலமாரியிலேயே இருக்கிறது. செம்பனைக் குலை தூக்கி இடுப்பு வலித்தால் போடுகிறோமே, பொன்ஸ்தான் போன்ற வலி மாத்திரைகள். அவையும் இரைப்பையைப் புண்ணாக்கும். பசியாறாமல் போடவே போடாதீர்கள். இதைச் சொல்லாத பக்கத்தை மூடிவிடலாம். கடைசி வரியில் "இரண்டு டப்பா வாங்கினால் ஒன்று இலவசம்" என்று வந்தால், அது பக்கமே அல்ல, கடை.

மலேசிய சுகாதார அமைச்சின் பக்கங்கள் பெரும்பாலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. பாட்டிக்குப் புரிய வேண்டுமே! அங்கேதான் நம் பிள்ளைகளுக்கு வேலை.

அவர்கள் பக்கத்தின் உச்சியில் எதைப் போட வேண்டும் தெரியுமா? மலம் தார் போலக் கறுத்தாலும், வாந்தியில் இரத்தம் வந்தாலும், காரணமின்றி உடல் இளைத்தாலும் தாமதிக்கக் கூடாது என்பதை. (இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.) அதற்கும் மேலே ஒரு வரி: நெஞ்சு இறுகி, வியர்த்து, கை தாடை வரை வலி பரவினால் "வாயு" என்று ஓமத்தண்ணீர் கொடுத்துக்கொண்டிருக்காமல், மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 எண்ணுக்கு உடனே அழையுங்கள்.