மூன்று நிமிடத்துக்காக இரண்டு நாள்

ஏப்ரல் வந்தால் நுவரெலியா நிரம்பிவிடும். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், கிரகரி வாவிக்கரையில் கால் வைக்க இடமில்லாத கூட்டம். அந்நாட்களில் அங்கே போனவர்கள் தேயிலைத் தோட்டப் பக்கமிருந்து எஞ்சின்கள் உறுமுவதைக் கேட்டிருக்கக்கூடும். அது மாகஸ்தோட்டை ஏற்றப் போட்டி. ஆங்கிலேயர் காலத்தில், 1934இல் தொடங்கியது. 'கார் ரேஸ்' என்று ஒரே சொல்லில் நாம் கடந்து போய்விடுகிறோம். ஆனால் ரேஸ் என்றதும் மனதில் வருகிற, கார்கள் ஒன்றையொன்று முந்தும் காட்சி இதில் இல்லை. ஒரு நேரத்தில் ஒரு கார்தான் ஏறும். கீழிருந்து மேலே போக எத்தனை செக்கன் எடுத்தது என்பதே கணக்கு.

இவ்வகைப் போட்டியின் பழைய வீடு இங்கிலாந்தில் இருக்கிறது. வூஸ்டர்ஷயரில் ஷெல்ஸ்லி வால்ஷ் என்னும் சிற்றூரின் மலைச்சரிவில் 1905 ஆகஸ்டில் முதற்போட்டி நடந்தது. இன்றும் அதே பாதையில்தான் ஓடுகிறார்கள். பாதையின் நீளம் 1000 யார், அதாவது 914 மீற்றர். அதற்குள் நூறு மீற்றர் உயரம் ஏறிவிடும். நம் பாடசாலை மைதானத்தை இரண்டு மூன்று தடவை சுற்றும் தூரம்தானே என்று தோன்றும். அந்தத் தூரத்தை 40 செக்கனுக்குள் முதன்முதலில் ஏறியவர் ரேமண்ட் மேஸ், 1935இல், அதற்கென்றே அமைத்த பந்தயக் காரில். இன்று வேலைக்குப் போய்வரும் சின்னக் காரிலேயே அதை ஒட்டிய நேரத்தில் ஏறிவிடுகிறார்கள். மிகச் சிறந்த பந்தயக் கார்களுக்கு 23 செக்கன்கூடத் தேவைப்படுவதில்லை.

முன்பு அந்நாட்டில் இத்தகைய போட்டிகள் ஊர் வீதிகளிலும் நடந்தன. 1925இல் கொப் ஹில் என்னுமிடத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் காயமடைந்ததோடு பொதுவீதிப் போட்டிகளுக்கு அனுமதி நின்றுபோனது. தனியார் நிலத்தில் இருந்ததால் ஷெல்ஸ்லி தப்பியது. வேகத்துக்கென்று தனியிடம் ஒதுக்கி, மற்றவர்களை அப்பால் நிறுத்தியபின்தான் ஓடலாம் என்பது அன்று முதல் அங்கே வழக்கமானது. வளைவில் பஸ்ஸை பஸ் முந்தும் நம் வீதிகளில் பயணம் செய்யும்போது இது எனக்கு அடிக்கடி ஞாபகம் வரும்.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் தொழில்முறைச் சாரதிகள் அல்லர். கிழமை நாட்களில் கந்தோருக்கும் கடைக்கும் போகிறவர்கள். சனிக்கிழமை காலையில் முதலில் பரிசோதனை. பிரேக், ஸ்டியரிங், ரயர், பெற்றரி கட்டியிருக்கும் விதம், தலைக்கவசம், தீப்பிடிக்காத உடை எல்லாவற்றையும் பார்ப்பார்கள். ஒன்று பிழைத்தாலும் கார் ஓடாது, கெஞ்சிப் பயனில்லை.

அடுத்தது நடை. புதியவர்கள் பாதையைக் கால்நடையாக ஏறிப் பார்ப்பார்கள். எனக்கு இதுதான் முழுப் போட்டியிலும் மிகப் பிடித்த பகுதி. காரில் அரை நிமிடத்தில் கடக்கும் இடத்தை அரை மணி நேரம் நடந்து படிக்கிறார்கள்: இந்த முடக்கில் எந்தப் பக்கம் சாய்வு, மரநிழலில் எங்கே ஈரம் காயாமல் இருக்கும், பிரேக் பிடிக்க அடையாளமாக எந்தக் கம்பத்தை வைத்துக்கொள்வது. ஷெல்ஸ்லியில் எஸ் எழுத்தைப் போல அடுத்தடுத்து வரும் இரட்டை முடக்கில்தான் நேரம் கிடைப்பதும் போவதும். முதல் முடக்கில் ஆசைப்பட்டு வேகமாக நுழைந்தவர் இரண்டாவதில் காரை அடக்கவே நேரத்தைச் செலவழிப்பார். அதற்குப் பிறகு நேர்ப்பாதை. அங்கே எவ்வளவு அழுத்தினாலும் இழந்தது திரும்பாது.

பிறகு காத்திருப்பு. முறை வந்ததும் கார் கோட்டுக்கு வரும். புறப்படும் இடமே ஏற்றமாதலால் பின்னால் உருளாதபடி சில்லுக்கு ஒரு கட்டையை அண்டை கொடுப்பார்கள். பச்சை விளக்கு எரியும். ஆனால் உடனே பாய வேண்டியதில்லை! அது 'பாதை தயார், நீங்கள் தயாரானதும் வரலாம்' என்பதற்கான சைகை மட்டுமே. காரின் முன்முனையில் நிற்கும் சிறு தகடு ஒளிக்கற்றையை மறைக்கும் கணத்தில்தான் கடிகாரம் ஓடத் தொடங்கும். ஒரு மூச்சை உள்ளே இழுத்து விடலாம். அதற்குப்பின் திருத்த நேரமில்லை. வட்டப் பாதையில் ஒரு முடக்கைத் தவறவிட்டால் அடுத்த சுற்றில் சரிசெய்யலாம். இங்கே அந்த முடக்கு மறுபடி வராது. ஆபத்தே இல்லை என்றும் சொல்லமாட்டேன். பாதை ஒடுக்கம், ஓரத்தில் மண்மேடும் மரமும். அதனால்தான் வழிநெடுகக் கொடியோடு மார்ஷல்கள் நிற்கிறார்கள்.

இரண்டு நாளிலும் பயிற்சி, போட்டி எல்லாம் சேர்த்து ஒருவருக்கு ஐந்தாறு ஓட்டம் கிடைக்கலாம். கூட்டிப் பார்த்தால் மூன்று, நான்கு நிமிடம்.

பெண்களுக்கு இது புதிய களம் அல்ல. அமெரிக்காவின் பைக்ஸ் பீக் மலைப்பாதை ஏறத்தாழ 20 கிலோமீற்றர், 156 முடக்குகள், முடிவிடம் 14,115 அடி உயரம். காற்று மெலிந்து எஞ்சினே மூச்சுத் திணறும் இடம். 1985இல், பாதை இன்னும் சரளைக்கல்லாக இருந்த காலத்தில், பிரான்ஸ் நாட்டு மிஷேல் மூட்டோன் 11 நிமிடம் 25 செக்கனில் ஏறி, ஆண்கள் வைத்திருந்த சாதனையை உடைத்து, முழுப் போட்டியையும் வென்றார். அங்கே அப்படி வென்ற முதற்பெண் அவரே.

ஆனாலும் பெற்றோருக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. இங்கிலாந்துப் போட்டிகளில் ஒரே காரை இருவர் பதிந்து ஓட்டலாம். தகப்பனும் மகளும் அப்படி வருவதுண்டு. தகப்பன் ஏறி முடித்து, அந்தத் தொகுதிக் கார்கள் வரிசையாக மெதுவாகக் கீழிறங்கியதும், கதவில் ஒட்டிய இலக்கத்தை மாற்றி, ஆசனத்தை முன்னால் இழுத்து, மகள் அமர்வாள். கார் ஒன்று, பாதை ஒன்று, ரயரும் ஒன்று. நேரத்தில் வித்தியாசம் வந்தால் இருவராலும் காரைக் குறை சொல்ல முடியாது. அன்றிரவு சாப்பாட்டு மேசையில், "அந்த இரண்டாம் முடக்கில் நீ எங்கே பிரேக் பிடித்தாய்?" என்று கேட்கிறவர் அனேகமாகத் தகப்பனாகவே இருப்பார்.