கிடைக்காத சிகிச்சையை நிறுத்துவது எப்படி?

மும்பையில் கருணைக்கொலை என்ற பேச்சு எழுந்தாலே அருணா ஷான்பாக் நினைவுக்கு வருவார். பரேல் கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு மூளை பாதிக்கப்பட்ட அவர், 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே படுக்கையில் கிடந்தார். சக செவிலியர்கள் தலைமுறை தலைமுறையாக முறைவைத்துப் பார்த்துக்கொண்டார்கள். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தக் கோரிய மனுவை 2011இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால், அதே தீர்ப்பில் சில நிபந்தனைகளோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளவும் வழிவிட்டது.

2018இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது. நினைவு தப்பினால் எனக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். 2023இல் நடைமுறை எளிதானது: இரண்டு சாட்சிகள், நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியின் சான்று போதும். நேரம் வரும்போது இரண்டு மருத்துவக் குழுக்கள் சம்மதிக்க வேண்டும். ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம்தான்.

நல்ல சட்டம். ஆனால், ஐ.சி.யூ. வரை போய்ச் சேர்ந்தவருக்கான சட்டம்.

கோவண்டிக்கு வாருங்கள். தேவ்னார் குப்பைமேடு இருக்கும் எம் கிழக்கு வார்டு, 2009ஆம் ஆண்டு மும்பை மனித மேம்பாட்டு அறிக்கையில் கடைசி இடம் பிடித்தது. 1976இல் ஜனதா காலனியிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்ட நம் தமிழ்க் குடும்பங்கள் குடியேறிய சீட்டா கேம்ப்பும் இந்த வார்டில்தான். இங்கே பத்துக்குப் பத்து அறையில் பக்கவாதம் வந்து ஒரு பெரியவர் விழுந்தால் என்ன ஆகும்? மகள் வேலைக்குப் போனபின் புரட்டிப் படுக்கவைக்க ஆளில்லை. பொதுக் கழிப்பறைக்குத் தூக்கிப்போக இரண்டு பேர் வேண்டும். சந்துக்குள் ஆம்புலன்ஸ் நுழையாது. முதுகில் புண் வைக்கிறது. "உங்களுக்கெல்லாம் பாரமா இருக்கேன், போய்ச் சேர்ந்துட்டா தேவலை" என்கிறார்.

இதை அவருடைய விருப்பம் என்று எழுதிக்கொள்ளலாமா? கூடாது என்றே நான் நினைக்கிறேன். அருணாவுக்குக் கிடைத்த கைகள் இவருக்குக் கிடைத்தபிறகும் இதையே சொன்னால், அது வேறு.

முதியோர் ஓய்வூதியத்தில் மத்திய அரசின் பங்கு 79 வயதுவரை மாதம் 200 ரூபாய். ஒரு பாக்கெட் டயப்பருக்குக் காணாது. இல்லாமையே விருப்பமாகிவிடும் என்ற அச்சம் இங்கே மட்டுமல்ல. மருத்துவர் உதவியோடு இறப்பதை 2016இல் அனுமதித்த கனடா, 2021இல் சாகும் தறுவாயில் இல்லாதவர்களுக்கும் அதை விரித்தது. வீடும் பராமரிப்பும் கிடைக்காதவர்கள் சாவைத் தேர்ந்துகொள்ளும் நிலை வரும் என்று அங்கே மாற்றுத்திறனாளி அமைப்புகள் இன்றும் போராடுகின்றன.

கேரளம் 2008இலேயே வலிதணிப்புச் சிகிச்சைக்கென அரசுக் கொள்கை வகுத்தது. பஞ்சாயத்து நிதியில் செவிலியர் வீடு தேடிவந்து புண்ணுக்கு மருந்து கட்டுகிறார். நாட்டிலேயே பணக்கார மாநகராட்சியான மும்பை, கோவண்டியின் ஒவ்வொரு சந்துக்கும் அப்படி ஒருவரை அனுப்பட்டும்.